கையில் இருக்கிற ஒரு தாலந்து: சபையில் ஊழியம் செய்யத் தொடங்குகிறவர்களுக்கு

"அக்கா, எனக்குப் பாடவும் வராது, பேசவும் வராது. நான் சபையில என்ன செய்ய முடியும்?"

ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது என்னிடம் இப்படிக் கேட்டவர்கள் நிறைய பேர். புதிதாகக் கல்யாணமாகி ஊருக்கு வந்த பெண், வேலை மாற்றலாகி வந்த தம்பி, போன மாதம் ஞானஸ்நானம் பெற்ற அம்மா என்று ஆள்தான் மாறும், கேள்வி மாறாது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமத்துச் சபையில் 22 வருடமாக ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். அந்த அனுபவத்தில் இருந்து ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தாலந்து என்னவென்று கண்டுபிடித்த பிறகு ஊழியத்துக்கு வரலாம் என்று காத்திருந்தால் வருடங்கள் ஓடிவிடும். ஏதாவது ஒரு வேலையில் கை வையுங்கள். தாலந்து அங்கேதான் வெளியே தெரியும்.

முதலில், தாலந்து என்பது எவ்வளவு?

நம் சபைகளில் திறமை என்ற பொருளில்தான் தாலந்து என்கிறோம். ஆனால் மத்தேயு 25-ல் இயேசு சொன்ன கதையில் வருவது பணம். ஒரு எஜமான் பிரயாணம் போகும்போது மூன்று ஊழியக்காரரிடம் ஐந்து, இரண்டு, ஒன்று என்று தாலந்துகளை ஒப்படைக்கிறார். முதல் இருவரும் வியாபாரம் செய்து இரட்டிப்பாக்குகிறார்கள், மூன்றாமவன் புதைத்து வைக்கிறான். தாலந்து என்பது ஒரு எடை, 30 கிலோவுக்கு மேல். ஒரு வெள்ளித் தாலந்து சுமார் 6,000 தினக்கூலிக்குச் சமம். அதாவது ஒரு கூலியாள் 20 வருடம் உழைத்து வாங்கும் சம்பளம். ஒரு தாலந்து வாங்கினவனை ஏழை என்று நினைத்தே நாம் அந்தக் கதையைக் கேட்கிறோம். அவன் கையில் இருந்தது வாழ்நாள் உழைப்பில் பாதி.

அவன் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள்: "நான் பயந்து, போய், உமது தாலந்தை நிலத்தில் புதைத்து வைத்தேன்." அவன் அதைத் திருடவில்லை, குடித்து அழிக்கவும் இல்லை. பயந்தான், அவ்வளவுதான். வாசலில் என்னிடம் கேட்பவர்களின் முகத்திலும் நான் பார்ப்பது அந்தப் பயத்தைத்தான்.

அந்தப் பகுதியில் இன்னும் இரண்டு இடங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். ஐந்து தாலந்துக்காரனுக்கு 21-ஆம் வசனத்தில் கிடைத்த பாராட்டும், இரண்டு தாலந்துக்காரனுக்கு 23-ஆம் வசனத்தில் கிடைத்த பாராட்டும் ஒரு வார்த்தை கூட மாறாமல் ஒன்றுதான். இன்னொன்று, எஜமான் அந்த மூன்றாமவனிடம் சொல்வது: நீயாக வியாபாரம் செய்ய முடியாவிட்டால் வட்டி கொடுக்கும் காசுக்காரர் வசத்திலாவது போட்டு வைத்திருக்கலாமே என்கிறார். தனியாகச் செய்யத் தைரியம் இல்லாதவருக்கும் இதில் வழி இருக்கிறது. தெரிந்த ஒருவர் பக்கத்தில் போய் நில்லுங்கள். இந்தக் கட்டுரையில் சொல்லப்போகும் பாதி விஷயம் இதுதான்.

ஒரு வாரம், ஒரு நோட்டு

மோசேயிடம் கர்த்தர் கேட்ட கேள்வி, "உன் கையிலிருக்கிறது என்ன?" அவன் கையில் இருந்தது ஆடு மேய்க்கிற கோல். அதே கேள்வியை ஒரு வாரம் உங்களிடமே கேளுங்கள். பழைய பள்ளி நோட்டு ஒன்று போதும். தினமும் இரவு ஜெபத்துக்கு முன்னால் இரண்டு வரி எழுதுங்கள்: இன்று என்னிடம் யார் எதற்காக உதவி கேட்டார்கள்? எந்த வேலையைச் செய்யும்போது நேரம் போனது தெரியவில்லை?

முதல் கேள்விதான் முக்கியம். நம் திறமை நமக்குச் சாதாரணமாகத் தெரியும், மற்றவர்கள்தான் அதைத் தேடி வருவார்கள். ஒரு தங்கை "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று மூன்று வாரம் சொன்னாள். நோட்டைக் காட்டச் சொன்னேன். ஐந்து நாளில் நான்கு நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கணக்குப் பாடம் கேட்க வந்திருந்தார்கள். இன்வெர்ட்டர் ரிப்பேர் செய்கிறவர், எல்லாருடைய பிறந்தநாளையும் ஞாபகம் வைத்திருக்கிறவர், ஆஸ்பத்திரியில் சீட்டு போடுவது முதல் மருந்து வாங்குவது வரை தெரிந்தவர் என்று எல்லாரும் அந்த நோட்டில் வெளியே வருவார்கள். யோப்பா பட்டணத்துத் தொற்காள் பிரசங்கம் செய்ததாக அப்போஸ்தலர் நடபடிகளில் இல்லை. அவள் இறந்தபோது விதவைகள் அழுதுகொண்டே காட்டியது அவள் தைத்துக் கொடுத்த துணிகளை.

வார முடிவில் ரோமர் 12-ஆம் அதிகாரத்தில் 6 முதல் 8 வரையுள்ள வசனங்களைப் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். போதிப்பதோடு பகிர்ந்து கொடுப்பதும், இரக்கம் செய்வதும் அதே பட்டியலில் இருக்கின்றன. அப்புறம் உங்களை நன்றாகத் தெரிந்த மூன்று பேரிடம் கேளுங்கள். ஒருவர் வீட்டு ஆளாக இருக்கட்டும், ஒருவர் சபையில் மூத்தவராக இருக்கட்டும், மூன்றாமவர் வேலை செய்யும் இடத்தில் உங்களைத் தினமும் பார்க்கிறவராக இருந்தால் நல்லது. மூன்று பேரும் ஒரே விஷயத்தைச் சொன்னால் அதை நம்புங்கள்.

ஐயரிடம் போய்ப் பேசுவது

எங்கள் பக்கம் சபைப் போதகரை ஐயர் என்றும், அவர் மனைவியை ஐயரம்மா என்றும் சொல்வோம். இங்கேதான் பலர் தயங்குகிறார்கள். ஆராதனை முடிந்த கூட்டத்தில் பேச வேண்டாம், அவருக்கும் அப்போது கவனம் இருக்காது. வாரநாளில் ஒரு மாலை வீட்டுக்குப் போங்கள். ஐயரம்மாவிடமும் பேசுங்கள். பெண்கள் ஐக்கியத்திலும் ஞாயிறு பள்ளியிலும் எங்கே ஆள் தேவை என்று பெரும்பாலும் அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். உங்கள் ஊரில் ஐயர் இல்லாமல் சபை ஊழியர் மட்டும் இருந்தால் அவரிடமே சொல்லலாம்.

என்ன சொல்வது என்று தெரியாவிட்டால் இப்படிச் சொல்லுங்கள்: "ஐயா, நான் இந்த வேலைக்குப் பழக்கமில்லை, ஆனால் மனசு இருக்கிறது. மூன்று மாதம் யாருக்காவது உதவியாகச் செய்கிறேன். எங்கே ஆள் குறைவாக இருக்கிறதோ அங்கே சொல்லுங்கள்." பதவி கேட்காதீர்கள். "மூன்று மாதம்" என்ற வார்த்தையை மறக்காமல் சொல்லுங்கள். கேட்கிறவருக்கும் பாரமில்லை, சரிப்படாவிட்டால் மரியாதையாக வேறு வேலைக்கு மாறிக்கொள்ள உங்களுக்கும் இடமிருக்கும்.

சின்ன வேலையில் மூன்று மாதம்

கொடுக்கப்படும் வேலை பாய் விரிப்பதாக இருக்கலாம், பாட்டுப் புத்தகங்களை எடுத்து வைப்பதாக இருக்கலாம், கிறிஸ்துமஸ் மாதத்தில் வீடு வீடாகப் பாடப் போகும் கேரல் ரவுண்ட்ஸுக்கு வீட்டுக் கணக்கு எழுதுவதாக இருக்கலாம். அதை ஒழுங்காகச் செய்யுங்கள். சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் வாருங்கள். வர முடியாவிட்டால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். இவ்வளவும் இருந்தாலே ஆறு மாதத்தில் உங்களைத் தேடி வருவார்கள்.

எங்கள் சபையில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகை நடக்கும்போது வெளியூரில் இருந்து வேலைக்கு வந்திருந்த ஒரு தம்பி புதிதாகச் சேர்ந்திருந்தான். யாரோடும் பேசமாட்டான். காலையில் கத்தரிக்காய் நறுக்கச் சொன்னோம், நறுக்கினான். பந்தி ஆரம்பித்ததும் தண்ணீர் ஊற்றச் சொன்னோம். இரண்டாவது பந்தியில் நான் சாம்பார் வாளியோடு நின்றுகொண்டிருந்தேன். வரிசையின் கடைசியில், தூண் ஓரமாக, பார்வை மங்கின ஒரு ஆச்சி உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் இலைக்குச் சோறு வந்து சேரவில்லை, அதை யாரும் கவனிக்கவும் இல்லை. இந்தத் தம்பி தண்ணீர் ஜக்கைக் கீழே வைத்துவிட்டு, சோறு வாங்கி வந்து, ஆச்சியின் கையைப் பிடித்து இலையில் எது எங்கே இருக்கிறது என்று தொட்டுக் காட்டினான். "இது சோறு, இது கூட்டு, அப்பளம் இந்த ஓரத்துல இருக்கு ஆச்சி." அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே குத்தவைத்து இருந்தான்.

ஐயர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரமே படுக்கையில் இருக்கும் முதியவர்களைச் சந்திக்கப் போகும் சபை ஊழியரோடு அவனைச் சேர்த்துவிட்டார். இன்றைக்கு எங்கள் ஊரில் யாருக்காவது உடம்பு முடியாவிட்டால் முதலில் போன் போவது அவனுக்குத்தான். அந்த வரத்தைப் பற்றி அவன் எந்த நோட்டிலும் எழுதியிருக்க முடியாது. பந்தியில் நின்றதால்தான் அது தெரிந்தது.

பழகுவது: வேதபாடம் வாசிப்பை எடுத்துக்கொள்வோம்

தாலந்து இருப்பது வேறு, அதை வளர்ப்பது வேறு. பிறவியிலேயே வந்துவிட்டது என்று விட்டுவிட்டால் அது அப்படியேதான் இருக்கும். ஒரு வேலையை மட்டும் விவரமாகச் சொல்கிறேன், மற்றதற்கும் இதே மாதிரிதான்.

நான் முதன்முதலில் ஆராதனையில் வாசித்தது தானியேல் 3. நேபுகாத்நேச்சார், சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ என்று பெயர்கள் பல்லில் மாட்டும். அதோடு "எக்காளம், நாகசுரம், கின்னரம், வீணை, சுரமண்டலம், தம்புரு" என்ற வாத்தியப் பட்டியல் திரும்பத் திரும்ப வரும். பயத்தில் வேகமாக வாசித்து முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் மறுநாள் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். "ஏ பிள்ள, நீ வாசிச்சது உனக்குக் கேட்டுச்சு, எங்களுக்குக் கேக்கல" என்றார். திண்ணையில் உட்காரவைத்து, பென்சிலைக் கொடுத்து, மூச்சு விடவேண்டிய இடத்தில் எல்லாம் கோடு போடச் சொன்னார். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு சின்னக் கோடு. "ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியா கேக்கணும்லா? சபை உக்காந்து கேக்குது, அவசரப்படாத." அந்தப் பென்சில் கோடுகள் என் வேதாகமத்தில் இன்னும் இருக்கின்றன.

அவர் கற்றுக்கொடுத்த முறையைத்தான் நான் மற்றவர்களுக்கும் சொல்கிறேன். புதன்கிழமைக்குள் எந்தப் பகுதி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் தடவை பொருளுக்காக மனதுக்குள் வாசியுங்கள்: யார் பேசுகிறார், யாரிடம், கோபமா துக்கமா? பழைய மொழிபெயர்ப்பில் வாக்கியங்கள் நீளமானவை, அரைப்புள்ளிகள் நிறைய. அந்த அரைப்புள்ளிதான் மூச்சு விடும் இடம். இரண்டாம் தடவை சத்தமாக வாசித்துக் கோடு போடுங்கள். மூன்றாம் தடவை வீட்டில் ஒருவரைப் பின்கட்டில் நிற்கவைத்து முன்னறையில் இருந்து வாசியுங்கள், அவருக்குக் கடைசி வார்த்தை கேட்கிறதா என்று பாருங்கள். தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். அங்கே குரல் இறங்கிவிட்டால் யார் என்ன செய்தார் என்பதே சபைக்குப் போய்ச் சேராது. முடிந்தால் சனிக்கிழமை சாயங்காலம் ஆலயத்துக்குப் போய், நிற்கப்போகும் இடத்தில் நின்று ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் உங்கள் சபையில் வழக்கமாகச் சொல்லும் வார்த்தைகளைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தெரிந்த வார்த்தை கூட அங்கே போய் நின்றால் மறந்துவிடும்.

ஞாயிறு பள்ளிக்கு என்றால் முதல் நான்கு வாரம் பழைய ஆசிரியர் பக்கத்தில் சும்மா உட்காருங்கள். பிள்ளைகளின் பெயர்களை முதல் வாரமே படித்துவிடுங்கள். ஐந்தாவது வாரம் ஒரே ஒரு கதையைப் புத்தகம் பார்க்காமல் பத்து நிமிடம் சொல்லுங்கள், காணாமற்போன ஆடு மாதிரி எளியதாக. மே மாத வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) வந்தால் விட்டுவிடாதீர்கள், தினமும் பிள்ளைகளோடு இருப்பதால் ஒரு வருடப் பழக்கம் சில நாளில் கிடைத்துவிடும். பாடகர் குழுவில் சேர்கிறவர்கள் சோல்பா என்ற சுரக்குறிப்பைப் படிக்கக் கற்றுக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் பயிற்சியில் வந்துவிடும்.

யாரிடமாவது போய்க் கற்றுக்கொள்வது வெட்கமான காரியமே இல்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1774-ல் பாளையங்கோட்டையில் பிறந்தவர். மிஷனெரி ஸ்வார்ட்ஸ் ஐயர் அவரைச் சிறுவயதில் தஞ்சாவூருக்கு அழைத்துப்போய்ப் படிக்கவைத்தார். அவர் இயற்றிய கீர்த்தனைகளை இன்றும் நாம் பாடுகிறோம். தாவீதின் காலத்தில் ஆலயப் பாடல் பணிக்குப் பயிற்சி பெற்றவர்கள் 288 பேர் என்று முதலாம் நாளாகமம் 25 கணக்குச் சொல்கிறது. முறை பிரிக்க ஆசானும் மாணாக்கனும் ஒன்றாகவே சீட்டுப் போட்டார்கள்.

மனசு தணிந்துபோனால்

ஆறாவது மாதம், எட்டாவது மாதம் வாக்கில் இது வரும். ஆரம்பத்தில் இருந்த ஆசை இருக்காது. ஒருவர் நன்றி கூடச் சொல்லமாட்டார். இன்னொருவர் நீங்கள் செய்ததைக் குறை சொல்வார். உங்கள் வரம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது உன்னில் இருக்கிற வரத்தை "அனல்மூட்டி எழுப்பிவிடும்படி" சொல்கிறார். விறகடுப்பு தெரிந்தவர்களுக்கு அந்த வார்த்தை புரியும். சாம்பல் மூடியிருந்தாலும் உள்ளே கங்கு இருக்கும். ஊதுகுழலை எடுத்து ஊதினால் பற்றிக்கொள்ளும்.

எனக்கு ஊதுகுழலாக இருப்பது மூன்று: காலையில் வேலைக்கு முன்னால் கால் மணி நேர வேதவாசிப்பு, என்னோடு ஊழியம் செய்யும் ஒருவரோடு வாரம் ஒரு தடவை சேர்ந்து ஜெபிப்பது, வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லி வேண்டிக்கொள்வது. பெயர் சொல்லி ஜெபித்த பிள்ளையிடம் ஞாயிற்றுக்கிழமை கோபப்பட முடியவில்லை.

மற்றவரோடு ஒப்பிட்டு மனம் சோர்கிறவர்கள் இரண்டாம் கொரிந்தியர் 8:12-ஐ எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்: "ஒருவனுக்கு மனவிருப்பமிருந்தால், அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்."

கண்டிப்பாகக் கவனிக்க வேண்டியவை

வீட்டை விட்டுவிட்டு ஊழியம் வேண்டாம். எந்த நாள், எத்தனை மணி நேரம் என்று வீட்டில் முன்னாலேயே பேசி முடிவு செய்யுங்கள். ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு பொறுப்புக்கு மேல் எடுக்கக்கூடாது என்பது என் அபிப்பிராயம். காலை முதல் மாலை வரை தனியாக உட்கார்ந்து ஜனங்களுக்கு நியாயம் தீர்த்த மோசேயைப் பார்த்து மாமனார் எத்திரோ, நீர் செய்கிறது நல்லதல்ல, தொய்ந்துபோவீர் என்றே சொன்னார்.

காணிக்கையோ பண்டிகை வசூலோ கைக்கு வந்தால் இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, அங்கேயே எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். பிள்ளைகளோடு வேலை செய்யும்போது எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். நோயாளியைப் பார்க்கப் போனால் அதிக நேரம் உட்காராதீர்கள், அங்கே கேட்ட விஷயம் வெளியே போகக்கூடாது.

இடம் கிடைக்காவிட்டால்

சில சபைகளில் புதியவருக்கு உடனே வழிவிட மாட்டார்கள். ஒரு காலத்தில் நான் இருந்த ஒரு சபையில் இரண்டு வருடம் கேட்டும் எனக்கு வகுப்பு கிடைக்கவில்லை. அழுதிருக்கிறேன். ஆனால் அந்த இரண்டு வருடமும் எங்கள் தெருப் பிள்ளைகளை சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் உட்காரவைத்துக் கதை சொன்னேன். இன்றைக்கு வகுப்பில் நான் சொல்லும் கதைகளில் பாதி அந்த வாசலில் பழகினவை. எருசலேம் அலங்கத்தை, அதாவது நகர மதிலை, கட்டினபோது பலர் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைத்தான் பழுதுபார்த்தார்கள் என்று நெகேமியா 3-ல் இருக்கிறது.

புதியவர் என்பதற்காகப் பின்னால் நிற்க வேண்டியதில்லை என்று நான் நம்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கக் காரணமாக இருந்தவர். பிறகு தெலுங்கு கற்றுக்கொண்டு தோர்ணக்கல்லுக்கு ஊழியத்துக்குப் போய், 1912-ல் அங்கே பேராயர் ஆனார். அவருடைய அத்தியட்சாதீனத்தில், அதாவது அவர் பொறுப்பில் இருந்த சபைகளில், ஞானஸ்நானம் பெற்றவர்கள் தங்கள் தலையில் தாங்களே கைவைத்து, சுவிசேஷத்தை அறிவிக்காதிருந்தால் எனக்கு ஐயோ என்ற பவுலின் வார்த்தையைச் சொன்னார்கள். முதல் நாளே அவர்களுக்கு வேலை இருந்தது.

கடைசியாக ஒரு வேலை

ஒரு வருடம் ஆனதும் அந்தப் பழைய நோட்டை எடுத்துப் பாருங்கள். எது வளர்ந்திருக்கிறது, எது உங்களுக்குச் சரிவரவில்லை என்று தெரியும். சரிவராததை ஐயரிடம் சொல்லி விட்டுவிடலாம், தப்பில்லை. வளர்ந்ததை இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்க ஆரம்பியுங்கள். மோசேயின் காலத்தில் ஆராதனைக்கான ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்த பெசலெயேலுக்கு நுட்பமான கைவேலை செய்யும் ஞானத்தோடு, மற்றவர்களுக்குப் போதிக்கும் வரத்தையும் தேவன் கொடுத்தார் என்று யாத்திராகமம் 35 சொல்கிறது.

போன மாதம் எங்கள் வகுப்பில் படித்து வளர்ந்த ஒரு பிள்ளை முதன்முதலில் வேதபாடம் வாசிக்க இருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். திண்ணையில் உட்காரவைத்து, அவளுடைய வேதாகமத்தைத் திறக்கச் சொல்லி, என் பென்சிலை அவள் கையில் கொடுத்தேன். "எங்க கோடு போடணும் அத்தை?" என்றாள். "முதல்ல சத்தமா வாசி, உனக்கு எங்க மூச்சு வாங்குதுன்னு பாப்போம்" என்றேன்.